எவருக்கோ போட்ட இருப்புப் பாதை

 

“நம் தேசத்தின் ரயில்வே” என்று இந்த நூலக விழாவில் எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது, எனக்கு அளித்திருக்கும் அவகாசமோ சிறிது. இமயத்தின் அடிவாரத்திலிருந்து கன்னியாகுமரி வரை நீண்டு கிடக்கும் இருப்புப் பாதைகளின் சரித்திரம் முழுவதையும் ஒரு மாலைப் பொழுதில் சொல்லி முடிக்க எவராலும் ஆகாது. ஆகையால், ஓசூரை அடுத்த இந்த மூக்கண்டப்பள்ளியில் நின்று நான்கு திசையும் நோக்கினால் தெரிகிற ரயில் சரித்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வழியாகத் தேசத்தின் சரித்திரத்தை ஓரளவு காண முயல்கிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: ஒரு பாதை யாருடைய நன்மைக்காகப் போடப்பட்டது என்பது ஒரு விஷயம், பிற்பாடு அதை யார் தமதென்று உரிமை கொண்டாடினார்கள் என்பது வேறொரு விஷயம். முன்னதைச் சர்க்கார் தீர்மானிக்கிறது. பின்னதை ஜனங்கள் தீர்மானிக்கிறார்கள். அப்படித் தீர்மானிக்கத் தவறிய ஜனங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு நம்முடைய ஓசூர்ச் சீமையே சாட்சி.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ஆம் தேதி பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் தூரம் ஓடியதுதான் இந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில். அதற்கு மூன்றாண்டு கழித்து, 1856 ஜூலை 1-ஆம் தேதி, சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் வண்டி புறப்பட்டது. அந்த ராயபுரம் நிலையம் இன்றும் இருக்கிறது. இந்தப் பாதைகளைப் போட்டவை இங்கிலாந்துக் கம்பெனிகள். போட்ட முதலுக்கு ஐந்து சதவீத வட்டி நிச்சயம் என்று சர்க்கார் வாக்குக் கொடுத்திருந்தது. வண்டி ஓடி அந்த அளவுக்கு வருமானம் வராவிட்டால், குறைகிற தொகையை இந்தியக் குடியானவன் செலுத்திய வரியிலிருந்து எடுத்து ஈடுசெய்தார்கள். கலகம் எழுந்தால் பட்டாளத்தை விரைவில் அனுப்ப வேண்டும், உள்நாட்டுப் பருத்தியைத் துறைமுகத்தில் சேர்க்க வேண்டும், மான்செஸ்டர்த் துணியை உள்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்பவையே அன்று டல்ஹௌசி பிரபு முதலானோர் சிந்தையில் முன் நின்ற நோக்கங்கள். பாலக்கோட்டுக் குடியானவனோ, சூளகிரி வியாபாரியோ அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

இடம்பெறவில்லை என்பதை நம் பிரதேசத்தின் பூகோளமே சொல்லும். கீழே கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரமான பாராமகாலிலிருந்து மேலே மைசூர்ப் பீடபூமிக்கு ஏறுகிற பழைய வழி கிருஷ்ணகிரி, ஓசூர் வழி. ஹைதர் காலத்திலும் திப்பு காலத்திலும் படைகளும் பொதிமாடுகளும் ஏறி இறங்கிய வழி அது. அப்படியிருக்க, 1864-இல் சென்னை ரயில்வேக் கம்பெனி பெங்களூர் தண்டுப் பிரதேசத்துக்குப் பாதை போட்டபோது, ஜோலார்பேட்டையில் பிரிந்து குப்பம், பங்காரப்பேட்டை வழியாக மேலேறிப் போய்விட்டது. அதற்கு முன்பே, 1862-இல், மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை சென்ற பிரதான பாதையும் மொரப்பூரைத் தொட்டுக்கொண்டு சேலத்துப் பக்கம் இறங்கிவிட்டது. கிழக்கே ஒரு பாதை, தெற்கே ஒரு பாதை. நடுவில் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஓசூரும் மாட்டுவண்டிச் சாலையோடு நின்றுவிட்டன.

அந்த நிலையில் வந்ததுதான் தாது வருஷத்துப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்த க்ஷாமத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில், அன்று நம் ஊர்களையும் உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லா ஒன்று. 1871-இல் எடுத்த ஜனக்கணக்கையும் 1881-இல் எடுத்த கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்தாண்டில் ஏற வேண்டிய தொகை இறங்கிக் கிடப்பதைக் காணலாம். ரயில் நிலையத்தில் தானிய மூட்டை வந்து குவிந்தாலும், அதை உள்ளூர்களுக்கு இழுத்துச் செல்ல உயிரோடு மாடில்லை. தீவனம் இல்லாமல் மாடுகள் முன்பே மடிந்துவிட்டன. மற்றொரு புறம், விலை அதிகம் கிடைக்கும் இடத்தை நாடித் தானியம் வெளியேறுவதற்கும் அதே ரயிலே உபகாரம் செய்தது. பின்னாளில், 1909-இல், மகாத்மா காந்தி தம்முடைய ‘ஹிந்த் ஸ்வராஜ்’ நூலில் ரயிலைக் கண்டித்தபோது இந்தக் குற்றத்தையும் சேர்த்தே சாட்டினார். அப்படிச் சாட்டிய காந்தியடிகளே தேசத்தைக் கண்ணாரக் காண்பதற்கு மூன்றாம் வகுப்புப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும், அந்தப் பெட்டியின் அசௌகரியங்களைப் பற்றி 1917-இல் தனியே எழுதினார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

பஞ்சத்துக்குப் பிறகு சர்க்கார் கண் விழித்தது. 1880-இல் அறிக்கை கொடுத்த க்ஷாமக் கமிஷன், பஞ்சத்தைத் தடுக்கும் பொருட்டுத் தேசத்தில் இருபதாயிரம் மைல் இருப்புப் பாதையாவது வேண்டும் என்று சிபாரிசு செய்தது. பஞ்ச நிவாரணம் என்ற அந்த நோக்கத்தோடுதான் நம் பகுதிக்குச் சிறு ரயில்கள் வந்தன. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒன்று. 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு மற்றொன்று. அந்தத் தருமபுரிப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது. எல்லாம் குறுகிய பாதைகள். தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம். என் முன்னே போட்டிருக்கிறார்களே, இந்த மேஜையின் அகலத்துக்கு மேல் இராது. அத்தனை குறுகிய பாதையில், தருமபுரிச் சமவெளியிலிருந்து ஓசூர் மேட்டுக்கு ஏறக்குறைய ஆயிரத்து நானூறு அடி உயரத்தை அந்தச் சிறு எஞ்சின் கரி தின்று, தண்ணீர் குடித்து, வளைந்து வளைந்து ஏறியிருக்கிறது. பக்கத்துத் தொரப்பள்ளியில், பஞ்சத்தின் வடு ஆறாத 1878-இல் பிறந்த ராஜாஜி, ஓசூரிலும் பெங்களூரிலும் படித்த காலத்தில் ஓசூருக்கு ரயில் கிடையாது. அவர் சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திய நாளில்தான் அவருடைய சொந்தச் சீமைக்குப் புகைவண்டி வந்தது.

வந்தது நிலைத்ததா? இல்லை. கிருஷ்ணகிரிப் பாதையை 1930-களின் நடுவிலேயே மூடிவிட்டார்கள். ஓசூர்ப் பாதைக்கு யமனாக வந்தது இரண்டாம் உலக மகாயுத்தம். யுத்தகளங்களுக்கு இரும்பு தேவைப்பட்டது. லாபம் காட்டாத பல கிளைப் பாதைகளைப் பெயர்த்தெடுத்தார்கள். 1941-இல் மொரப்பூர், ஓசூர்ப் பாதையும் போயிற்று. பசிக்கென்று கொடுத்ததைப் போருக்கென்று பறித்துக்கொண்டார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த ஜனங்களைச் சுமந்த பாதை அது. கொடுத்த போதும் நம்மைக் கேட்டுக் கொடுக்கவில்லை, எடுத்த போதும் நம்மைக் கேட்டு எடுக்கவில்லை. அன்று நாம் கேட்கப்படும் நிலையில் இல்லாத பிரஜைகளாக இருந்தோம். அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஓசூருக்கு ரயில் இல்லை.

ஆனால், தேசம் முழுவதிலும் ஜனங்கள் கைகட்டி நிற்கவில்லை என்பதே இந்தச் சரித்திரத்தின் ரசமான பகுதி. பட்டாளத்துக்கும் பஞ்சுக்கும் என்று போட்ட பாதையில், கம்பெனிக்காரர்கள் எதிர்பாராத வண்ணம், மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு லட்சோபலட்சம் பேர் ஏறினார்கள். திருப்பதிக்கும் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போனார்கள். மகளைப் பார்க்கவும் மாடு வாங்கவும் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லவும் போனார்கள். கிராமத்தில் ஒரே திண்ணையில் உட்காரச் சம்மதியாதவர்கள் ஒரே பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார நேர்ந்தது. அதனால் ஜாதி ஒழிந்ததா என்றால், ஒழியவில்லை. வண்டிக்குள் சமமாக இருந்தவன் நிலையத்துச் சாப்பாட்டு விடுதியில் இறங்கியதும் பிராமணர்களுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்று பிரிக்கப்பட்டான். பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் விடாது கிளர்ச்சி செய்து அந்த வேற்றுமையை ஒழித்தது 1941-இல். நம் ஊரில் தண்டவாளம் பெயர்ந்த அதே ஆண்டில், வேறு ஊர்களின் பிளாட்பாரங்களில் ஓர் அநீதி பெயர்ந்தது. ரயில் தானாகச் சமத்துவத்தைக் கொண்டுவந்து இறக்கவில்லை. அது மனிதரை ஒன்றாகக் கூட்டியது. கூடிய மனிதர் நியாயத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

சுதந்திரப் போரும் ரயில் நிலையங்களைத் தன் களமாக்கிக்கொண்டது. 1911 ஜூன் 17-ஆம் தேதி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது மணியாச்சியில். அந்த நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என்றே பெயர் தாங்குகிறது. 1928-இல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தில் சிங்காரவேலர் முன் நின்று சிறை சென்றார். நம்முடைய கலைகளும் ரயிலை ஏற்றுக்கொண்டன. ‘பச்சை விளக்கு’ படத்தில் சிவாஜி கணேசன் எஞ்சின் டிரைவராக வந்ததையும், ‘கிழக்கே போகும் ரயில்’ கிராமத்து மனங்களை ஆட்கொண்டதையும், ‘மூன்றாம் பிறை’ ஒரு மலை ரயில் நிலையத்தில் முடிந்ததையும் இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளைக்காரனின் இயந்திரம் நம்முடைய காவியப் பொருளாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இனி, நம் ஊருக்கே திரும்புவோம். 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி, சென்னை – தென் மராட்டா ரயில்வே, தென்னிந்திய ரயில்வே, மைசூர் சமஸ்தான ரயில்வே ஆகிய மூன்றும் ஒன்றாகித் தெற்கு ரயில்வே பிறந்தது. குடியரசின் ரயில்வே, 1960-களின் இறுதியில் சேலம், தருமபுரி, ஓசூர், பெங்களூர் என்று மீட்டர் கேஜ் பாதையை இணைத்தது. 1990-களில் அது அகலப் பாதையாயிற்று. இடையில், 1970-களில், இந்த மூக்கண்டப்பள்ளியின் வயல்களை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பீடபூமியின் இந்த மூலைக்குத் தமிழகத்தின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் வேலை தேடிய இளைஞர்கள் வந்தார்கள். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள்.

காலை வேளையில் ஓசூர் நிலையத்தில் நின்று பாருங்கள். பெங்களூர் போகும் வண்டியை எதிர்பார்த்துச் சீசன் டிக்கெட்காரர்கள், பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று கணக்கிட்டு, முன்கூட்டியே அங்கங்கே நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவர் தெலுங்கில் கேட்பார், மற்றவர் கன்னடத்தில் பதில் சொல்வார், மூன்றாமவர் தமிழில் அதற்குச் சிரிப்பார். பின்னால் நிற்பவர் உருதுவில் கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார். ஜன்னலோரத்து இடத்தைக் கைக்குட்டை போட்டுப் பிடிக்கும் கலையில் மட்டும் பாஷை பேதம் கிடையாது. எதிர்ப்பக்கம் வடக்கத்தி இளைஞன் ஒருவன் தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சிப்காட்டுக்குப் போக ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும் என்று விசாரிப்பான். அவனுக்கு வழி சொல்பவரும் முப்பது வருஷத்துக்கு முன் இதே நிலையத்தில் இறங்கி இதே கேள்வியைக் கேட்டவராகவே இருக்கக் கூடும். தேச ஒருமைப்பாடு என்று மேடைகளில் நாம் முழங்குவதெல்லாம் அங்கே தினந்தோறும், எவரும் கை தட்டாமல், நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு விசேஷத்தையும் கவனியுங்கள். ஓசூர் நிலையம் தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. ஆனால், 2003-இல் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படத் தொடங்கிய தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. மாநில எல்லை ஒரு கோடு, ரயில்வே எல்லை மற்றொரு கோடு. இதில் குறைப்பட ஒன்றுமில்லை. தேசத்தின் சொத்து இப்படித்தான் எல்லைகளைக் கடந்து கிடக்கும். ஆனால், இதில் ஓர் அபாயம் உண்டு. தமிழ்நாட்டுப் பிரதிநிதி இது பெங்களூர்க் கோட்டத்துக் காரியம் என்றும், பெங்களூர்க் கோட்டத்தார் இது தமிழ்நாட்டு ஊரின் விருப்பம் என்றும் எண்ணிவிட்டால், நடுவில் நிற்கும் நாம் மறுபடியும் கணக்கில் இடம்பெறாதவர்களாவோம். எல்லையோரத்துக் குடிமகன் மற்றவனைவிட இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்பதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. 2004-இல் தனி மாவட்டமான கிருஷ்ணகிரியின் தலைநகருக்கு இன்றும் ரயில் இல்லை. 1905-இல் இருந்த ஒன்று நூறாண்டு கழித்து இல்லாமலிருப்பதை முன்னேற்றம் என்று யார் சொல்வார்? ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக நிற்கிறது. மொரப்பூர், தருமபுரிப் பாதையை மீண்டும் அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். நெடுங்காலம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த தருமபுரி ஜனங்களுக்கு அந்த அடிக்கல்லில் பங்குண்டு. இராயக்கோட்டைத் தக்காளியும் ஓசூர் ரோஜாவும் லாரிகளையே நம்பிச் செல்கின்றன. அவற்றில் ஒரு பகுதியையாவது ரயிலேற்ற வழி உண்டா என்று வியாபாரிகளும் விவசாயிகளும் ஒன்றுகூடி ஆராய வேண்டும்.

ஆகவே, இந்த நூலகத்தாருக்கு இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். ஒன்று: பழைய சிறு ரயிலைப் பற்றித் தந்தையரும் பாட்டனாரும் சொல்லக் கேட்ட முதியவர்கள் பாலக்கோட்டிலும் மாரண்டஅள்ளியிலும் இராயக்கோட்டையிலும் கெலமங்கலத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை மாணவர்களைக்கொண்டு எழுதி வாங்குங்கள். கிடைக்கும் பழைய கால அட்டவணை, டிக்கெட், படம் எதுவானாலும் சேர்த்து வையுங்கள். உரிமை கேட்டுப் போகிறவன் கையில் சரித்திரம் இருந்தால், அவன் மனு யாசகமாக இராது. இரண்டு: அந்தச் சரித்திரத்தை முகப்பில் வைத்து, கிருஷ்ணகிரிப் பாதைக்கான மனுவைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதி, நிலையத்தில் தினமும் நிற்கும் பிரயாணிகளின் கையெழுத்தோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்புங்கள்.

1941-இல் கேட்க நமக்கு உரிமை இல்லை. இன்று உரிமை இருக்கிறது. உரிமை இருந்தும் கேளாதவன் குறை சொல்லும் தகுதியை இழக்கிறான். முதல் கையெழுத்தை இந்த மேடையிலேயே போட நான் சித்தமாக இருக்கிறேன், காகிதத்தைக் கொண்டுவாருங்கள்.