நுரையாறும் முத்துக்கடலும்: தங்கச்சிமார் வாசிக்கச் சில புத்தகங்கள்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டையொட்டி நூலகத்துக்கு என்ன புத்தகங்கள் வேண்டும் என்று சங்கம் உயர்தர மாணவிகளிடம் கேட்டது. வந்த பட்டியலில் ஒரு வரி: “கயாக் ஓட்டுவது பற்றிய புத்தகங்கள்.” கிதுல்கலவில், களனி கங்கை பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் இடத்தில் படகோட்டும் காணொளியைப் பார்த்த பிள்ளைகள் எழுதியது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலாவத்துறையில் பிறந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சை அடக்கிக் கடலடிக்கு இறங்கி முத்தெடுத்த கரை எங்களுடையது. அந்த வரிக்குப் பதில்தான் என் பேச்சு.

கயாக் முதலில் விளையாட்டுப் பொருளல்ல. வடதுருவப் பகுதியின் இனுயிற் மக்கள், சட்டத்தின் மேல் சீல் தோலை இழுத்துத் தைத்துச் செய்த வேட்டைப் படகு அது. நமது வள்ளத்தையும் தெப்பத்தையும் போல, பிழைப்புக்காகப் பிறந்தது.

முதலில் வாசிக்க வேண்டியது ஜோன் வெஸ்லி பவல் 1875இல் வெளியிட்ட கொலராடோ ஆற்றுப் பயண நூல். போரில் வலக்கையை இழந்த அவர், 1869 மே மாதம் 4 படகுகளில் 9 பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஒருவர் இடையில் விலகினார். ஓகஸ்ட் இறுதியில் ஒரு பயங்கரமான நுரைப்பாய்ச்சலைக் கண்டு மூவர் கரையேறி நடந்தார்கள். அவர்கள் பிறகு உயிரோடு திரும்பவில்லை. ஆற்றில் இறங்கிய 6 பேரும் பிழைத்தார்கள். துணிந்தவன் வெல்வான் என்று இதை வாசித்துவிடாதீர்கள். பல இடங்களில் அவர்கள் படகைக் கயிறு கட்டி மெல்ல இறக்கினார்கள், அல்லது தூக்கிக்கொண்டு கரையால் நடந்தார்கள். முதலில் கரையில் நின்று தண்ணீரைப் பார், பிறகு முடிவெடு. அந்த நூலின் பாடம் இதுதான்.

இரண்டாவது, என் தொழிலைச் சேர்ந்த ஒருவருடையது. பிரித்தானிய வைத்தியர் மைக் ஜோன்ஸ் 1976இல் எவரெஸ்ட் பகுதியிலிருந்து பாயும் தூத் கோசி ஆற்றில் கயாக்கில் இறங்கிய கதையை ‘கெனோயிங் டவுன் எவரெஸ்ட்’ என்று எழுதினார். 1978இல் பாகிஸ்தானின் பிரால்டு ஆற்றில், ஆபத்தில் சிக்கிய தோழரைக் காப்பாற்றப் போய் இறந்தார்.

மூன்றாவது, பீற்றர் ஹெலர் எழுதிய ‘ஹெல் ஓர் ஹை வோட்டர்’. பிரமபுத்திரா திபெத்தில் சாங்போ என்ற பெயரோடு பாயும் பள்ளத்தாக்கில், 2002இல் 7 கயாக் வீரர்கள் இறங்கிய கதை. 1998இல் அதே ஆறு டக் கோர்டன் என்ற கைதேர்ந்த வீரரைக் கொண்டுபோயிருந்தது. மேல் பள்ளத்தாக்கைக் கடந்த 2002ஆம் ஆண்டுக் குழு, கீழ்ப் பகுதியில் இறங்காமல் மலையேறி வெளியே வந்தது. திரும்பி வருவதும் தேர்ச்சிதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இனி நம் தண்ணீர். 1807இல் வெளியான ஜேம்ஸ் கோடினரின் இலங்கை நூலில் நமது கரையின் முத்துக்குளிப்பு விரிவாக இருக்கிறது. நாம் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் அரிப்பு மாளிகை, ஆளுநர் நோர்த் கட்டியது, அந்தக் காலத்தது. 1905இல் மரிச்சுக்கட்டியில் எடுத்த சிப்பிகள் 8 கோடிக்கும் மேல். அடுத்த ஆண்டு முத்துக்குளிப்பில் கடமையாற்றிய லெனாட் வூல்ஃப், ‘குரோயிங்’ என்ற சுயசரிதைப் பாகத்திலும், ‘பேர்ல்ஸ் அன்ட் ஸ்வைன்’ என்ற சிறுகதையிலும் அதை எழுதினார். இறந்த அரபுச் சுழியோடி ஒருவருக்கு அவருடைய தோழர்கள் காட்டும் மரியாதை அந்தக் கதையில் வருகிறது. அதற்காகவே வாசிக்கலாம்.

சுழியோடி கல்லைக் காலில் பற்றி இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழிருப்பவரின் உயிர் மேலிருப்பவரின் கையில். நுரையாற்றில் கயாக் ஓட்டுவோரும் எறிகயிற்றுப் பை இல்லாமல் போவதில்லை. இரண்டு தண்ணீருக்கும் ஒரே சட்டம்.

தமிழில் வாசிக்க மூன்று நாவல்கள். நெடுந்தீவுக்குப் பருவத்தில் வந்து வாடியமைக்கும் மீனவரைப் பற்றிய செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’. தகழியின் ‘செம்மீன்’, சுந்தர ராமசாமியின் தமிழில். மனைவி ஒழுக்கம் தவறினால் கணவனைக் கடல் கொள்ளும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது அந்தக் கதை. அழகான நாவல், ஆனால் கேள்வி கேட்டுக்கொண்டே வாசியுங்கள். ஆளைக் கொண்டுபோவது நீரோட்டமும் காற்றும் களைப்பும். கரையில் நிற்கும் பெண்ணின் மேல் அந்தப் பழியை ஏற்றக்கூடாது.

உலகில் 2021இல் மட்டும் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கடலைப் பார்த்து வளரும் நமது பெண்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? தம்பிமார் ஓடிப் போய்க் குதிக்கிறார்கள். தங்கச்சிமார் கரையில் செருப்புக்குக் காவல். மாரியில் அருவியாறு பெருகினால், தண்ணீர் ஆண், பெண் பார்ப்பதில்லை.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். புத்தகத் தட்டோடு நீச்சல் வகுப்பும் தொடங்குவோம். பெண் பயிற்றுநர், உடலை மறைக்கும் நீச்சலுடை, தாய்மார் வந்திருக்க ஓர் இடம், எல்லாவற்றோடும். அதுவரை மூன்றை மனதில் வையுங்கள். மூழ்குகிறவரை நோக்கிக் குதிக்காதீர்கள். கம்பை நீட்டுங்கள், கயிற்றை அல்லது வெறும் பிளாஸ்டிக் கானை எறியுங்கள். வெளியே எடுத்தவரின் வயிற்றை அமுக்கவோ தலைகீழாகத் தூக்கவோ வேண்டாம். மூச்சில்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள். ஒருவர் அம்புலன்ஸை அழைக்கட்டும்.

கடைசியாக ஒன்று. முத்துக்குளிப்பைப் பற்றி நான் சொன்ன நூல்களை எழுதியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். கல்லோடு இறங்கியவரின் மனைவி, கரையில் எதை எண்ணிக்கொண்டு நின்றாள் என்று அவற்றில் இல்லை. உங்கள் வீட்டு உம்மம்மா, அம்மம்மா, அப்பம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் புத்தகத்துக்கும் நமது தட்டில் ஓர் இடம் விட்டு வைக்கிறோம்.