முகூர்த்தமும் காமிராவும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நான், விடுமுறை நாள்களில் நம் கரக்பூர்க் காலனித் திருமணங்களைக் கூலி கருதாது படம் பிடித்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள். "எந்தக் காமிரா வாங்கலாம்?" என்று இளைஞர் பலர் என்னை வினவுகின்றனர். அதற்கு விடையாகச் சில சொல்ல விழைகின்றேன்.

முதலில் வேலையின் இயல்பை நோக்குவோம். வண்டி தவறினால் அடுத்த வண்டி உண்டு. திருமாங்கல்யம் பூட்டும் நொடி தவறினால் மீண்டும் வாராது. கெட்டிமேளம் முழங்கியதும் மூன்று முடிச்சும் விழுந்துவிடும். அந்நேரம் மணமகன் குனிந்திருப்பான். நாத்தனார் பின்னே நிற்பார். உற்றார் அனைவரும் எழுவர். அட்சதை மழையெனப் பொழியும். காமிராவைத் தானே போகஸ் செய்ய விட்டால், மணமக்கள் முகத்தை விட்டு இடையே பறக்கும் அரிசியைப் பற்றிக்கொள்வதும் உண்டு. ஆதலின் மேளம் எழுமுன்னரே இடம் பிடித்து, போகஸை நிலைநிறுத்திக் காத்திருத்தல் வேண்டும்.

ஒளியும் எளிதில் வசப்படுவதன்று. நம்மவர் முகூர்த்தம் பல வேளைகளில் விடியற்காலையில் அமையும். நம் வங்காள அண்டை வீட்டார் திருமணமோ பெரும்பாலும் இரவு இலக்கினத்தில் நிகழும். இரண்டிலும் விளக்கையே நம்ப வேண்டும். ஓமப் புகையில் நேராகப் பிளாஷ் ஒளியைப் பாய்ச்சினால் புகையே வெண்திரையாகிவிடும். வெள்ளைக் கூரையை நோக்கிப் பாய்ச்சினால் ஒளி மென்மையாக இறங்கும். சிவப்புத் துணிப் பந்தலில் அங்ஙனம் செய்தாலோ மணமகள் முகமும் சிவந்துவிடும். பழைய வகைக் குழல்விளக்குகள் நம் நாட்டு மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்வன. ஒரு நொடியில் 100-இல் ஒரு பங்கினும் குறைந்த நேரம் ஷட்டர் திறந்தால், படத்தில் கரும்பட்டைகள் தோன்றக்கூடும்.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். விலையுயர்ந்த காமிரா ஒன்றைக் காட்டிலும் நடுத்தர விலையில் இரண்டு இருத்தல் நலம். ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். அடுத்து லென்ஸ். காமிராவுடன் சேர்த்து விற்கப்படும் ஜூம் லென்ஸ் பல, நீட்டிய நிலையில் எஃப் 5.6 அளவே திறக்கும். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் விலையில் குறைந்தது. ஒளியை ஏறத்தாழப் பத்து மடங்கு உள்ளே விடும். மூன்றாவது, ஒரே நேரத்தில் இரு நினைவக அட்டைகளில் படத்தைப் பதியும் வசதி. நான்காவது, பிளாஷும் அதற்கு மாற்றுப் பாட்டரிகளும். முழு வேகத்தில் ஒருமுறை ஒளிர்ந்த பிளாஷ் மீண்டும் ஆயத்தமாகச் சில நொடிகள் கேட்கும். எனவே மேளம் எழும் தறுவாயில் அதனை வீணாக்குதல் ஆகாது.

நம் தந்தையர் காலத்தில் 120 எண் பிலிமில் 12 சதுரப் படங்கள், 35 மி.மீ. சுருளில் 36. எண்ணி எண்ணி எடுத்த அப்படங்கள் இன்றும் பல இல்லங்களில் சுவரை அலங்கரிக்கின்றன. இன்று ஒரு திருமணத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கின்றோம். அச்சிடாது விட்ட அவை, பழுதான கைப்பேசியோடு மறைந்துபோகின்றன.

அன்பர்களே, நாம் ஊர்விட்டு வந்தவர்கள். தள்ளாமையால் வர இயலாத பாட்டியார் பேத்தியின் திருமணத்தைக் காண்பது படத்தில்தான். லீவு கிடைக்காத தம்பியும் அவ்வாறே. ஆகவே தங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். கெட்டிமேளம் ஒலிக்கும் அந்தச் சிறிது நேரம் கைப்பேசியை உயர்த்தி மணமேடையை மறைக்காதீர்கள். உறவினரை அடையாளம் காட்ட வீட்டார் ஒருவரைப் படம் எடுப்பவர் அருகில் நிறுத்துங்கள். குறைந்தது 36 படங்களையேனும் அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் நாளும் பென்சிலால் எழுதி வையுங்கள்.

காமிராவின் விலை பற்றி வினவும் இளைஞர்களுக்கு என் விடை இதுவே: முதலில் சடங்கின் வரிசையைப் பெரியோரிடம் கேட்டு அறியுங்கள், பிறகு கடைக்குச் செல்லுங்கள்.