எண்ணப்படாத உயிர்கள்

(சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஒரு நாட்டில் எத்தனை பேர் அநியாயமாகக் கொல்லப்பட்டார்கள் என்பதை எப்படிக் கணக்கிடுவது? கொன்றவன் கணக்கு எழுதி வைப்பதில்லை. பறிகொடுத்தவனோ காவல் நிலையப் படியேறவே அஞ்சுகிறான்.

தென் அமெரிக்காவில் பெரு என்றொரு நாடு. அங்கே 1980 முதல் 2000 வரை 'ஒளிரும் பாதை' என்னும் ஆயுதக் கட்சியும் அரசுப் படைகளும் மோதின. இரு தரப்பாரும் ஏழைக் குடியானவர்களைக் கொன்றார்கள். செத்தவர் 25,000 பேர் இருக்கலாம் என்றே பலரும் நம்பியிருந்தார்கள். 2001இல் அமைந்த உண்மை அறியும் ஆணைக்குழு ஏறத்தாழ 17,000 வாக்குமூலங்களைத் திரட்டியது. பிற அமைப்புகளின் பட்டியல்களையும் வாங்கிப் பெயர் பெயராக ஒப்பிட்டது.

எதற்காக ஒப்பிட வேண்டும்? நம் ஊர்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று 100 மீன் பிடித்து, அடையாளமிட்டு, திரும்ப விடுகிறோம். நாளை மறுபடியும் 100 பிடிக்கிறோம். அதில் 20 மீனில் அடையாளம் இருந்தால், குளத்தில் சுமார் 500 மீன் என்று கொள்ளலாம். பட்டியலும் அப்படித்தான். இரண்டிலும் அதே பெயர்கள் நிறைய வந்தால், விடுபட்டவர் சிலரே. ஒன்றிலுள்ள பெயர் மற்றதில் அரிதாகவே கிடைத்தால், எதிலும் ஏறாதவர் ஏராளம்!

2003இல் வந்த விடை 69,280. கூடக்குறைய 61,000 முதல் 77,500 வரை இருக்கலாம் என்றும் ஆணைக்குழு ஒளிக்காமல் சொன்னது. 2019இல் ஓர் ஆய்வாளர் வேறு கணிப்பில் 48,000 என்றார். வாதம் இருக்கட்டும். 25,000 என்ற பழைய எண் போதாது என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை.

பதிவான பலிகளில் 100க்கு 75 பேர் கெச்சுவா முதலிய பழங்குடி மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தலைநகரின் மொழி பேசாதவன் செத்தால் தலைநகருக்குச் செய்தி போவதில்லை, தோழர்களே!

நம் கதை என்ன? 2020 பொது முடக்கத்தின்போது ஊர் திரும்பும் வழியில் மாண்ட புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படிப்பட்ட கணக்கு வைக்கப்படவில்லை என்று அரசு பதில் சொன்னது. கணக்கில்லை என்றால் இழப்பீடும் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம்மவர் ஒருவர் வேலையிடத்தில் மாண்டால் பெயர், ஊர், நாள், இடம் நான்கையும் சங்கத்துக்கு எழுதித் தாருங்கள். தொழிற்சங்கமும் தனியே ஒரு பட்டியல் வைக்கட்டும். பட்டியல் இரண்டு இருந்தால்தான் விடுபட்டவரையும் கணக்கிட முடியும்.