சோதித்து அறிவோம், ஏமாறாதிருப்போம்

(காட்டாங்குளத்தூர் மக்தப் மத்ரஸா ஆண்டு விழாவில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)





சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி கண்ணீரோடு என்னிடம் வந்தார். மகளின் நோய்க்கு யாரோ செய்வினை வைத்துவிட்டதாக ஒருவன் கூறி, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் காட்டினானாம். செந்நிறச் சாறு கசிந்ததாம். அதை இரத்தமென நம்பி, இரண்டு பவுன் நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

குறிகாரரிடம் செல்வது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்று அவருக்கு எடுத்துரைத்தேன். "கண்ணால் பார்த்தேனே ஹஜ்ரத்" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. விடை தந்தவன், பள்ளிக்கூடத்தில் அதைக் கற்றிருந்த நம் மக்தப் மாணவன் ஒருவன். செம்பருத்தி இதழைக் கத்தியில் நன்கு தேய்த்து, உலரவிட்டு, எலுமிச்சையை அறுத்தான். சிவப்புச் சாறு கசிந்தது. அந்த இதழின் சாயம் புளிப்புப் பட்டதும் சிவக்கும், அவ்வளவே.

மஞ்சளுக்கு இதற்கு மாறான குணம். மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கும். அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். குழம்புக்கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்பைத் தேய்த்ததும் கறை சிவப்பதை நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காண்கின்றனர். பெற்றோர் அருகிலிருந்து இதனைச் செய்து காட்டுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதை மறவாதீர்கள்.

இவ்வாறு சோதித்தறிவது நமக்குப் புதிதன்று. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், 11ஆம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலை இயற்றினார். இருட்டறைத் துளையின் முன்னே விளக்குகளை வரிசையாக வைத்தார். சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒளிகள் துளையில் சந்தித்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, நேர்க்கோட்டிலேயே செல்கின்றன என்று நிறுவினார். முன்னோர் எழுதிவிட்டனர் என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்கலாகாது என்பது அவர் கொள்கை.

இன்றிரவு இஷாவுக்குப் பின் நீங்களும் செய்யலாம். அட்டையில் சிறு துளையிடுங்கள். ஒருபுறம் இரு மெழுகுவர்த்திகள், மறுபுறம் வெள்ளைத்தாள். இடப்பக்கச் சுடரை மறைத்தால் தாளில் வலப்பக்க ஒளி மறையும். 2019 டிசம்பர் 26இல் தமிழகத்தில் தெரிந்த சூரிய கிரகணத்தை, சூரியனை நேராகப் பாராமல், இத்தகைய துளையின் வழியே தாளில் விழவைத்துப் பலர் கண்டனர்.

கிரகணம் என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் (ரலி) பால்குடிப் பருவத்திலேயே மறைந்தார். அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அம்மரணத்தால்தான் சூரியன் இருண்டதென மக்கள் பேசினர். பெருமானார் (ஸல்) அவர்களோ அதனை மறுத்து, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ அவை கிரகணம் அடைவதில்லை என்று விளக்கி, தொழுகையில் ஈடுபடப் பணித்தார்கள். மகனை இழந்த துயரிலும், தம்மைப் புகழும் ஒரு பிழையான நம்பிக்கையை அவர்கள் நிலைக்கவிடவில்லை.

நபிமார்களின் முஃஜிஸாக்கள் மீது நாம் கொண்ட ஈமான் வேறு. காசுக்குக் காட்டப்படும் கைவித்தை வேறு. "இது எப்படி நடக்கிறது?" என்று கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். அந்தச் சகோதரியின் நகை திரும்பவில்லை. அம்மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றதுதான் நமக்கு ஆறுதல்.

பயனுள்ள கல்வியை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.