ஆசிரியரும் இணையமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது ஜமாஅத் நடத்தும் மழலையர் தொடக்கப்பள்ளிக்குத் தொடுதிரைப் பலகை வாங்குவதற்காக இவ்வாண்டு ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கின்றது. ‘ஸ்மார்ட் போர்டு’ என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அதுதான். வளைகுடாவில் பாடுபடும் நம் சகோதரர்கள் மனமுவந்து அனுப்பிய நிதி அது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! பலகை வருவதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் அந்நிதியில் ஒரு பகுதியைப் பலகைக்கு முன்பாக ஆசிரியைகளுக்குச் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இங்கு எழுந்து நிற்கின்றோம்.

பொருளை மட்டும் வாங்கிக் கொடுத்தால் என்ன நேரும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்கு இலட்சக்கணக்கான மடிக்கணினிகளை வழங்கியது. சிற்றூர்களைச் சேர்ந்த 319 தொடக்கப்பள்ளிகளை ஆய்வு செய்து 2012-இல் அறிக்கை வெளியிட்டார்கள். கணிதத்திலும் மொழிப் பாடத்திலும் பிள்ளைகள் முன்னேறியதாகத் தெரியவில்லை. பெட்டி வந்தது, அதைப் பாடத்தோடு எப்படி இணைப்பது என்று ஆசிரியருக்குச் சொல்லித்தர உரிய ஏற்பாடு இல்லை.

அண்டை மாநிலமாகிய கேரளம் வேறு வழியில் சென்றது. 2001-இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளி ஆசிரியர்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்றுநர்களாக்கி, அவர்களைக் கொண்டே மற்ற ஆசிரியர்களுக்குக் கற்பித்தார்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை விடுத்துக் கட்டற்ற மென்பொருளைக் கைக்கொண்டார்கள். 2017-இல் அத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாகவே வளர்ந்தது. வகுப்பறையின் புழுதியும் இரைச்சலும் அறிந்த ஒருவர் சொல்லிக் கொடுக்கும்போது, கேட்பவருக்கு அச்சம் பாதியாகக் குறைந்து விடுகின்றது.

நம் பள்ளியிலேயே நடந்த ஒன்றைக் கூறுகின்றோம். மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு. 302-இலிருந்து 147-ஐக் கழிக்க வேண்டும். ஒன்றாம் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது. பக்கத்தில் கடன் வாங்கலாமென்றால் அங்கே பூஜ்யம் இருக்கின்றது. வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறினார்கள். ஆசிரியை மூன்று நாள்கள் கரும்பலகையில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியும் பயனில்லை. அரசுப் பள்ளியில் பணிபுரியும் உறவினர் ஒருவர், தம்மைப் போன்ற ஆசிரியர்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இவரையும் சேர்த்துவிட்டார். அங்கே தம் ஐயத்தை இரண்டு வரியில் எழுதினார். அன்றிரவே, முன்பின் அறியாத ஓர் ஆசிரியையிடமிருந்து விடை வந்தது. தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெருங்கட்டாக்குங்கள். மூன்று பெருங்கட்டும் இரண்டு குச்சியும் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு பெருங்கட்டை அவிழ்த்தால் பத்துச் சிறுகட்டு. அதிலொன்றை அவிழ்த்தால் பத்துக் குச்சி. இப்போது கையிலிருப்பது இரண்டு பெருங்கட்டு, ஒன்பது சிறுகட்டு, பன்னிரண்டு குச்சி. இனிக் கழிக்கச் சொல்லுங்கள் என்று, படத்தோடு எழுதியிருந்தார்.

பிள்ளைகள் 155 என்று விடை சொன்னார்கள். பூஜ்யம் இருந்த இடத்திற்கு ஒன்பது எப்படி வந்தது என்பதைக் கையால் தொட்டு அறிந்துகொண்டார்கள். இதில் இணையத்தின் வேலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தீப்பெட்டியின் விலையில் முடியக்கூடிய ஓர் உபாயம், அதை அறிந்தவரிடமிருந்து, அது தேவைப்பட்டவரிடம் ஒரே இரவில் வந்து சேர்ந்தது.

மத்ரஸாவில் ஓதியவர்கள் ‘தக்ரார்’ என்பதை அறிவார்கள். காலையில் உஸ்தாத் நடத்திய பாடத்தை, மாணவர்கள் பின்னர் வட்டமாக அமர்ந்து ஒருவர் மற்றவருக்குத் திரும்பச் சொல்லித் தெளிவார்கள். உஸ்தாதிடம் கேட்கக் கூச்சப்பட்ட ஐயமும் அந்த வட்டத்தில் வெளிவந்துவிடும். ஓதுகிற காலத்தில் நமக்கிருந்த அந்த வட்டம், ஓதிக் கொடுப்பவர்களுக்கு எங்கே இருக்கின்றது? அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்காவது வட்டார வள மையத்திலும் குறுவள மையத்திலும் பயிற்சிகள் நடைபெறுகின்றன. நம்முடையது போன்ற சிறிய தனியார் பள்ளிகளின் ஆசிரியைகளைப் பெரும்பாலும் யாரும் அழைப்பதில்லை. ஒரு வகுப்பு, ஒரு கதவு, உள்ளே ஒருவர். மக்தப் உஸ்தாதுகளின் நிலையும் இதுவே.

இலவசமாகக் கிடைப்பவை எவ்வளவோ இருக்கின்றன. 2018-இல் வெளிவரத் தொடங்கிய நமது மாநிலத்தின் புதிய பாடநூல்களில் கட்டம் கட்டமாகச் சிறு சதுரம் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைப்பேசியால் அதைப் படம் பிடித்தால் பாடத்திற்குரிய காணொளி திறக்கும். 2017-இல் மத்திய அரசு தொடங்கிய ‘தீக்‌ஷா’ தளத்தில் ஆசிரியர்களுக்கான பயிற்சிகளும் உள்ளன. பாடநூலில் இத்தகைய குறியீட்டைச் சேர்ப்பதை முன்னதாகவே செய்து காட்டியவர்களில் ஒருவர், மராட்டிய மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தின் பரிதேவாடி என்னும் சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்த ரஞ்சித்சிங் டிசலே. 2020-இல் உலக ஆசிரியர் பரிசாகப் பத்து இலட்சம் டாலர் பெற்ற அவர், அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்திருந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்தளித்தார்! மனிதரின் தரம் இத்தகைய நேரத்தில்தான் தெரிகின்றது.

அவ்வளவும் இருந்தும் நம் ஆசிரியைகள் ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்பவர்கள், கையிலிருக்கும் ஆண்டறிக்கையின் செலவுப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டுகின்றோம். அவர்களுக்கு நாம் கொடுக்கும் மாதச் சம்பளம் அங்கே அச்சாகியுள்ளது. அந்தச் சம்பளத்திலிருந்துதான் பள்ளி வேலைக்கான ரீசார்ஜும் போகின்றது. வீட்டில் ஒரே கைப்பேசி. அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும். பள்ளி நேரத்தில் ஒரு பாடவேளைகூட ஓய்வில்லை. வீடு திரும்பினால் அடுப்படி, அதன்பின் திருத்த வேண்டிய நோட்டுகள். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை எடுத்தால், ‘இந்நேரத்தில் யாரோடு பேச்சு?’ என்ற கேள்வி வேறு! இக்கேள்வியைக் கேட்கும் ஆண்மக்கள் இந்த மஜ்லிஸிலும் அமர்ந்திருக்கலாம். நோட்டுத் திருத்துவதை எப்படிப் பள்ளி வேலையாகக் கருதுகின்றீர்களோ, சக ஆசிரியரிடம் பாடம் பற்றிக் கேட்டறிவதையும் அவ்வாறே கருதுங்கள் என்று அவர்களுக்குச் சொல்கின்றோம்.

கணினியைப் பற்றிய அச்சத்திற்கும் காரணமுண்டு. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் கண்விழித்துத் தட்டச்சு செய்த வினாத்தாள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற கிறுக்கலாகத் திறக்கும். ஒருமுறை அப்படி ஏமாந்தவர் மறுமுறை தொடமாட்டார். யூனிகோடு என்னும் ஒருங்குறியில் எழுதினால் இச்சிக்கல் இல்லை. தமிழக அரசு 2010-லேயே அதை ஏற்றுக்கொண்டது. இன்று கைப்பேசியிடம் வாயால் சொன்னாலே தமிழில் எழுதிக் கொள்கின்றது. இதைக் காட்டிக் கொடுக்க அரைமணி நேரம் போதும். பொறியியல் படித்த நம் மஹல்லா இளைஞர்கள் இதற்கு முன்வர வேண்டும். ஆனால் ஒன்று: எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டாமல், தாமே அழுத்திவிட்டு எழுந்து போகும் பழக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும்.

இக்குழுக்களில் தீமையே இல்லையா என்றால், உண்டு. பொய்ச் சுற்றறிக்கைகளும் தவறான விடைகளும் அங்கே உலவுகின்றன. ஹதீஸ் கலை படித்தவர்கள், சொல்லப்பட்ட செய்தியைப் பார்க்குமுன் ‘யார் யாரிடமிருந்து கேட்டார்?’ என்று பார்ப்பார்கள். அதே கண்ணோடு இதையும் பார்க்க வேண்டும். எழுதியவர் யார், எந்த வகுப்பு நடத்துகிறார், தாமே செய்து பார்த்தாரா என்று விசாரிக்க வேண்டும். பிள்ளைகளின் புகைப்படத்தையோ மதிப்பெண்ணையோ எந்தக் குழுவிலும் பகிரக் கூடாது. குழந்தைகளின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கின்றது. தம் எண் அந்நியர்களுக்குத் தெரியக் கூடாதென்று தயங்கும் சகோதரிகள், பள்ளியின் பொதுக் கைப்பேசியைப் பயன்படுத்தலாம். டெலிகிராம் போன்ற செயலியில் எண்ணை மறைத்தும் வைக்கலாம்.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். பலகைக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து ஆசிரியைகளுக்கும் மக்தப் உஸ்தாதுகளுக்கும் மாதந்தோறும் ரீசார்ஜ் தொகையைத் தனியே கொடுக்க வேண்டும். சம்பளத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது. அலுவலக அலமாரியில் துணி மூடிக் கிடக்கும் கணினியைப் பழுது பார்த்து ஆசிரியைகள் அறையில் வைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளை விளையாட விட்டு, அந்த நேரத்தில் ஆசிரியைகள் ஒன்றாக அமர்ந்து, அவ்வாரம் எந்தப் பாடம் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்பதைத் தமக்குள் பேசி, வெளியே கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதட்டும். ஓராண்டு இப்படி நடக்கட்டும். அதன்பின் எந்தப் பலகை, எந்த வகுப்புக்கு என்பதை அவர்களே சொல்வார்கள். மீதித் தொகை அதுவரை பள்ளிக் கணக்கிலேயே இருக்கட்டும்.

இது பற்றிய தீர்மானம் அஸர் தொழுகைக்குப் பின் ஒப்புதலுக்கு வைக்கப்படும். ஆசிரியைகள் தங்களுக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி இவ்வாரத்திற்குள் செயலாளரிடம் சேர்ப்பிக்கலாம். பெயர் எழுத வேண்டியதில்லை.