நடந்தால்தான் தடம் பதியும்

(கண்டியில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது தொழில் சரிவில் செய்யும் தொழில். மழையில் வழுக்கும் மலை, முதுகில் கொழுந்துக் கூடை, நிழல்மரத்தில் ஏறிக் கிளை வெட்டும் வேலை. விழுந்தால் கை கால் மட்டுமல்ல, முதுகுத்தண்டும் அடிபடலாம். அப்படி அடிபட்டவரை லயத்து மூலையில் படுக்கவைத்து, "இனி அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறோம். அது சரியல்ல.

மூளையின் கட்டளை முதுகுத்தண்டு வழியாகத்தான் காலுக்குப் போகிறது. அடிபட்ட பலருக்கு அந்த வழி முழுவதும் அறுந்துவிடுவதில்லை. மண்சரிவில் பெருந்தெரு மூடினாலும், மேட்டில் ஒரு குறுக்குவழி மிஞ்சியிருக்குமல்லவா? அதுபோலச் சில நரம்புகள் மிஞ்சும். ஆட்கள் நடக்க நடக்கத்தான் குறுக்குவழியில் தடம் பதியும்.

2024 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். முதுகுத்தண்டு பாதி சேதமான இருவரின் மூளைக்குள், ஹைப்போதலமஸ் என்ற பகுதியில், மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். கூடவே மாதக்கணக்கில் நடைப்பயிற்சியும் கொடுத்தார்கள். இருவரின் நடையும் தேறியது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அந்த முன்னேற்றம் நின்றது. ஆனால் இது இருவரிடம் மட்டும் செய்த ஆரம்ப முயற்சி. முழுதாக அறுந்தவர்களுக்கு இது மருந்தல்ல. "கரண்ட் வைத்து எழுப்பிவிடுகிறேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்தக் கம்பி நம் ஊருக்கு வர நாளாகும். அதோடு சேர்ந்த பயிற்சியோ இன்றே பக்கத்தில் இருக்கிறது. கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் போனால் திகனையில் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலை உண்டு, ராகமையிலும் உண்டு. காசு கேட்கமாட்டார்கள். துண்டு எழுதி வாங்குங்கள்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே புனர்வாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். நடக்க முடியாமல் போனாலும் வாழ்க்கை நிற்காது என்பதற்கு அவரே சாட்சி.

இனி நம் வேலை. விழுந்தவரைக் கம்பளியில் சுருட்டித் தூக்காதீர்கள், லொறியில் உட்காரவைக்காதீர்கள். உடைந்த எலும்பு நரம்பை வெட்டிவிடும். தலையும் கழுத்தும் முதுகும் அசையாமல், பலகையில் நேராகக் கிடத்துங்கள். 1990க்கு அழையுங்கள். வீட்டுக்கு வந்த பின் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள்; படுக்கைப் புண் உயிரையே எடுக்கும்.

வேலையில் விபத்து நடந்தால், அன்றைக்கே துரை ஆபீசில் பதியவைத்து எழுத்தில் வாங்குங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி அது நமது உரிமை, யாரும் போடும் பிச்சையல்ல.

ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு ஸ்ட்ரெச்சர், அதைத் தூக்கப் பழகிய நான்கு பேர், பயிற்சிக்குப் போய்வர வாகனம்: அடுத்த பேச்சுவார்த்தையில் இந்த மூன்றையும் முன்வைப்போம். உங்கள் லயங்களில் படுத்திருப்பவர்களின் பெயர்களை அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.