கக்கூஸ் குழியும் கிணற்றுத் தண்ணீரும்



ஆரியங்கோட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் கிணறு உண்டு. கக்கூஸும் உண்டு. இரண்டும் ஒரே முற்றத்தில்தான் இருக்கின்றன. கிணற்றைத் தினமும் எட்டிப் பார்க்கிறோம். கக்கூஸ் குழியை யார் பார்க்கிறார்கள்? மூடி போட்டு மண்ணைத் தள்ளியதும் மறந்துவிடுகிறோம். இன்றைய பேச்சு, மறந்துபோன அந்தக் குழியைப் பற்றித்தான்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்து மண் வெட்டுக்கல் மண். இதில் சிறு சிறு துளைகள் உண்டு. மழைத்தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக இறங்குகிறது. அதனால்தான் கிணறு ஊறுகிறது. அதே வழியில் கக்கூஸ் குழித் தண்ணீரும் போகும். இடவப்பாதி மழை பெய்தால் நிலத்தடி நீர் மேலே ஏறும். அப்போது குழிக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரம் குறைந்ததுபோல் ஆகிவிடும். கிணற்றுத் தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கலாம். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள்காமாலை எல்லாம் இந்த வழியாகவும் வரும்.

செப்டிக் டேங்க் என்றால் என்ன? பலர் ஒரு குழி வெட்டி, உறை இறக்கி, அதையே செப்டிக் டேங்க் என்று சொல்கிறார்கள். அது சரியல்ல. அடியில் தளம் இல்லாத குழியிலிருந்து அழுக்குத் தண்ணீர் நேராக மண்ணுக்குள் போகும். உண்மையான செப்டிக் டேங்க் சிமெண்டுத் தொட்டி. அடியிலும் பக்கத்திலும் கசிவு இருக்கக் கூடாது. நடுவில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். கனமானது அடியில் படியும். அது சேறு. எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும். அது ஆடை. நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போகும். தொட்டியில் உள்ள நுண்ணுயிர்கள் சேற்றில் ஒரு பகுதியைத் தின்று கரைக்கும். முழுவதையும் கரைக்காது. மிச்சம் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே இருக்கும்.

சேறு நிறைந்தால் என்ன ஆகும்? தண்ணீர் தங்க இடம் இருக்காது. சேறு உறிஞ்சு குழிக்குள் போய்விடும். அங்கே மண்ணின் துளைகள் அடைபடும். பிறகு கக்கூஸில் தண்ணீர் இறங்காது. முற்றத்தில் நாற்றமடிக்கும் ஈரம் கசியும். அப்போது செலவு இரட்டிப்பாகும். ஆகவே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேற்றை எடுக்க வேண்டும்.

எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? நீளமான கம்பு ஒன்றை எடுக்க வேண்டும். அதன் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்ட வேண்டும். மூடியைத் திறந்து, சற்று நேரம் விலகி நிற்க வேண்டும். பிறகு கம்பை அடிவரை இறக்கி, சில நிமிடம் கழித்து எடுக்க வேண்டும். துணியில் கறுப்பு எவ்வளவு உயரம் இருக்கிறதோ அவ்வளவு சேறு இருக்கிறது. தண்ணீர் நிற்கும் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு சேறாக இருந்தால் எடுக்கும் காலம் வந்துவிட்டது. தலையை உள்ளே நீட்டக் கூடாது. பீடியோ தீக்குச்சியோ பக்கத்தில் கூடாது. உள்ளே எரியும் வாயு இருக்கும். வேலை முடிந்ததும் மூடியை இறுக மூட வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடம் அல்லவா!

இனி மிக முக்கியமான விஷயம். தொட்டிக்குள் ஆளை இறக்கவே கூடாது. உள்ளே நச்சு வாயு உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அதில் ஒன்று. அது அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றமே தெரியாது. "நாற்றம் இல்லை, இறங்கலாம்" என்று நினைத்தவர்கள் மீண்டு வராமல் போயிருக்கிறார்கள்.

2015 நவம்பர் 26 அன்று கோழிக்கோட்டில் என்ன நடந்தது? பாதாளச் சாக்கடைக் குழிக்குள் ஆந்திராவைச் சேர்ந்த இரண்டு தொழிலாளர்கள் மயங்கி விழுந்தார்கள். அவர்களைக் காப்பாற்ற ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத் உள்ளே இறங்கினார். மூவரும் இறந்தார்கள். நல்ல மனம் மட்டும் விஷவாயுவைத் தடுக்காது. ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலே இறங்கக் கூடாது. உடனே தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. "கூலிக்கு அவனே சம்மதித்தான்" என்று சொல்லித் தப்ப முடியாது. உயிருக்குக் கூலி ஏது?

சேற்றை உறிஞ்சும் லாரியைத்தான் அழைக்க வேண்டும். லாரி எங்கே கொண்டுபோய் ஊற்றும் என்றும் கேட்க வேண்டும். திருவனந்தபுரம் முட்டத்தறையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அது போக வேண்டும். இரவில் ஓடையில் ஊற்றினால் அது நெய்யாற்றில் கலக்கும். அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான்.

தினசரிக் கவனமும் வேண்டும். பிளாஸ்டிக், துணி, நாப்கின், சமையல் எண்ணெய் எதையும் கக்கூஸில் போடக் கூடாது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அள்ளிக் கொட்டக் கூடாது. நுண்ணுயிர்கள் செத்துவிடும். கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடக் கூடாது. தொட்டிமேல் வண்டி நிறுத்தக் கூடாது. பக்கத்தில் பலா, தென்னை நடக் கூடாது. வேர் சுவரைப் பிளக்கும். காற்றுக் குழாயின் வாயில் வலை கட்டினால் கொசு வராது.

புதிதாக வீடு கட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது ஏழரை மீட்டர், அதாவது சுமார் 25 அடி, தள்ளித்தான் குழி இருக்க வேண்டும். இது கேரளக் கட்டட விதி. இடம் இருந்தால் இன்னும் தள்ளி அமைப்பதே நல்லது. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அளக்க வேண்டும். வேலி கிருமியைத் தடுக்காது.

பழைய குழியை மாற்ற முடியாதவர்கள் என்ன செய்வது? தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். கிராமசபையில் எழுந்து கேட்க வேண்டும்: "நம் வார்டுக்குச் சேறு எடுக்கும் லாரி எப்போது வரும்?" பல வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் கூலியும் பேசிக் குறைக்கலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே கயிறு பிடித்து அளந்து பாருங்கள். கடைசியாகச் சேறு எடுத்த வருடத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். எழுதத்தான் கற்றுக்கொண்டீர்களே!